தென்கரைக் கல்லும் வடகரை மூங்கிலும்

எங்கள் குடும்பம் இரண்டு விஷயங்களை உறுதியாக நம்பியது. ஏழாம் கோட்டில் மணல்மேட்டை வெட்டிவிட்டால் ஆறு எங்களுக்குக் கட்டுப்படும் என்பது ஒன்று. அப்படி வெட்டிய பிறகும் பள்ளக்கால் நிலத்தில் உப்புப் பூத்தால் அது கடலின் குற்றம், எங்களுடையது அல்ல என்பது மற்றொன்று. இவற்றில் எதையும் யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. சோதிக்கலாம் என்று தோன்றியதும் இல்லை.

இதை விளங்கிக்கொள்ள எங்கள் ஆற்றைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். செஞ்சிப் பக்கத்து மழையைச் சுமந்துகொண்டு வில்லியனூர் வழியாக வரும் ஆறு, கடலை நெருங்கும் இடத்தில் இரண்டாகப் பிரிகிறது. தெற்கே வரும் கிளை அபிஷேகப்பாக்கத்தைத் தாண்டி எங்கள் ஊருக்குக் கீழே ஏரிபோல அகன்று, பிறகு ஒடுங்கிக் கடலில் சேரும். சேரும் என்று சொன்னாலும் ஆண்டில் பாதி நாள் அது சேர்வதில்லை. கோடையில் ஆற்றில் வேகம் குறைந்ததும் அலைகள் மணலைக் கொண்டுவந்து முகத்துவாரத்தில் கொட்டி, ஆளுயர மேடாக அடைத்துவிடும். ஐப்பசியில் மழை தொடங்கியதும் நீர் அந்த மேட்டுக்குப் பின்னால் நாளுக்கு நாள் ஏறும். ஏதோ ஒரு நாளில் மேட்டை வெட்டி ஆற்றைக் கடலுக்குள் விட்டாக வேண்டும்.

அந்த நாள் எது என்பதுதான் எங்கள் பகுதியின் முழு அறிவும். தாமதித்தால் கரையோரத்துச் சம்பா முழுகும். முந்தினால், நீருக்கு மணலை அரித்துக்கொண்டு போகும் பலம் இருக்காது. வாய் ஆழமாகத் திறக்காமல் ஒரு வாய்க்கால் அளவில் நிற்கும். பௌர்ணமி, அமாவாசை நாட்களில் கடல் அதன் வழியே உள்ளே வரும். வந்த உப்புநீர் திரும்புவதற்குள் வாய் மறுபடியும் அடைபட்டுவிடும். தேங்கிய உப்பு, கோடை முழுவதும் பள்ளக்கால் வயல்களின் அடியில் ஊறிக்கொண்டிருக்கும்.

நாளைத் தீர்மானிக்க எங்களிடம் ஒரு கல் இருந்தது. என் தகப்பனாரின் தகப்பனார் நட்டது. தென்கரையில், எங்கள் மாடுகள் நீர் குடிக்க இறங்கும் இடத்தில், ஒரு சாணுக்கு ஒரு கோடாக ஒன்பது கோடுகள் செதுக்கிய கருங்கல். நீர் ஏழாம் கோட்டைத் தொட்டால் என் தகப்பனார், எங்கள் நைனா, ஒரு பழைய சிவப்புப் புடவையைக் கரையோரக் கம்பத்தில் ஏற்றுவார். அது தெரிந்ததும் முகத்துவாரத்துக் குப்பத்திலிருந்து மீனவர்களும், இந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து உழவர்களும் மண்வெட்டியோடு மணல்மேட்டில் கூடுவார்கள். புடவை ஏறாமல் ஒருவரும் மேட்டில் மண்வெட்டி வைக்கக் கூடாது. இது எந்தச் சட்டத்திலும் எழுதப்பட்டதல்ல. ஆனால் அதை மீறியதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

பிரெஞ்சு சர்க்காரின் கொம்யூன் கச்சேரி நைனாவை நீர்மட்டம் பார்க்கும் பொறுப்பில் அமர்த்தியிருந்தது. ஐப்பசி முதல் தை வரை தினமும் காலையில் கல்லைப் பார்த்து, பிரெஞ்சு மொழியில் ஒரு சீட்டு எழுதி அனுப்ப வேண்டும். நைனாவுக்குப் பிரெஞ்சு பேச வரும், எழுத வராது. நான் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். பத்து வயது முதல் அந்தச் சீட்டை நான்தான் எழுதினேன். திருமணமான பிறகும் அது தொடர்ந்தது. ஏனென்றால் என் கணவர் கல்யாணமான ஐந்தாம் மாதமே சைகோனில் எழுத்தர் வேலைக்குக் கப்பலேறிவிட்டார். நான் தாய் வீட்டிலேயே இருந்தேன். அவர் கடிதங்களோடு புத்தகங்களும் அனுப்புவார். படிப்பதற்கும் ஆற்றைப் பார்ப்பதற்கும் எனக்கு நேரம் தாராளமாக இருந்தது. இரண்டாம் யுத்தம் தொடங்கச் சில ஆண்டுகள் இருந்த காலம் அது.

பள்ளக்காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆற்றோரத்தில் மிகவும் தாழ்ந்த மூன்று காணி, என் அம்மா சீதனமாகக் கொண்டுவந்தது. அம்மாவுக்கு வீட்டில் நகையிலோ பாத்திரத்திலோ பெரிய பற்று இருந்ததில்லை. அந்த மூன்று காணியைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரல் மாறும். அது வந்த புதிதில் வெள்ளைச் சம்பா விளைந்து தள்ளியதாம். எனக்கு நினைவு தெரிந்த காலம் முதல் ஒன்றுவிட்டு ஒரு கோடையில் அங்கே உப்புப் பூத்தது. பங்குனி வெயிலில் போய்ப் பார்த்தால் நிலம் சுண்ணாம்பு தெளித்ததுபோல் வெளுத்துக் கிடக்கும். அடுத்த சாகுபடியில் நாற்று நுனியிலிருந்து கருகும். தென்கோடியில் அரைக்காணி அளவுக்கு ஏற்கெனவே நெல்லை மறந்து, உவர்ப்பூண்டு மண்டிவிட்டது. இன்னும் இரண்டு முறை உப்புப் பூத்தால் எல்லாமே அப்படித்தான் போகும் என்று அம்மாவுக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியும்.

நான் சொல்லும் ஆண்டில், ஐப்பசி நடுவில் நைனாவைக் குளிர்காய்ச்சல் பிடித்தது. கொய்னா மாத்திரை விழுங்கி, கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தார். கல்லைப் பார்க்கும் வேலை என்னிடம் வந்தது.

நைனா ஒரு நாளைக்கு ஒரு முறைதான் பார்ப்பார்; மாடுகளை இறக்கும் நேரத்தில், கரையில் நின்றபடி, ஒரே பார்வை. எனக்கு அந்தத் தைரியம் இல்லை. தப்பாகப் படித்துவிடுவேனோ என்ற பயத்தில் காலையிலும் மாலையிலும் போய்ப் பார்த்து, நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டேன். ஒரு வாரத்துக்குள் எனக்குப் புரியாத ஒன்று அந்தப் பக்கங்களில் தென்பட்டது. காலையில் ஐந்தாம் கோடும் இரண்டு விரலும். மாலையில் நாலாம் கோடும் எட்டு விரலும். மறுநாள் காலையில் மறுபடியும் ஐந்து. மணல்மேடு அடைத்தபடி கிடக்கிறது. ஒரு சொட்டு நீர் கடலுக்குப் போக வழியில்லை. அரைச் சாண் நீர் பகலில் எங்கே போய் இரவில் எங்கிருந்து திரும்பி வருகிறது?

ஆறு நாட்கள் பார்த்தேன். பிறகு நோட்டில் இன்னொரு பத்தி சேர்த்து, காற்றையும் எழுதினேன். விடை உடனே வந்துவிட்டது. வாடைக்காற்று வீசும் வேளைகளில் எல்லாம் நீர் ஏறியிருந்தது. காற்று ஓய்ந்த வேளைகளில் இறங்கியிருந்தது. அகன்ற ஆறு, ஆழம் அதிகமில்லை. வடகிழக்கிலிருந்து வரும் காற்று நீரைத் தள்ளிக்கொண்டுவந்து எங்கள் கரையில் குவித்தது. குழந்தை தொட்டியைச் சாய்த்தால் ஒரு பக்கம் நீர் ஏறுமே, அப்படி. கல் உண்மையைத்தான் சொன்னது. ஆனால் அது ஆற்றைப் பற்றிய உண்மை அல்ல, எங்கள் மாடுகள் இறங்கும் துறையைப் பற்றிய உண்மை. வீட்டிலிருந்து பார்க்க வசதியாக இருக்கிறது என்று அந்த இடத்தில் நட்டுவிட்டோம். ஆண்டுதோறும் கார்த்திகையில் வாடை உச்சத்தில் இருக்கும்போதுதான் ஏழாம் கோடு வரும். அப்படியானால் ஆண்டுதோறும் நாங்கள் முந்திக்கொண்டுதான் வெட்டியிருக்கிறோம்.

இது மனதில் தெளிவானபோது மகிழ்ச்சி வரவில்லை. அம்மாவின் நிலம்தான் கண்ணுக்குள் வந்து நின்றது.

சித்தப்பாவிடம் போனேன். நைனாவின் தம்பி, வடகரையில் அவருக்குத் தோணித்துறை. நெட்டப்பாக்கம் பக்கத்துக் காடுகளில் விளைந்த வேர்க்கடலையை மூட்டைகளாக ஏற்றி, ஆறு திறந்ததும் கடலோரமாகவே புதுச்சேரிக்குக் கொண்டுபோவார். அங்கே கரையிலிருந்து தள்ளி நங்கூரமிட்டு நிற்கும் நீராவிக் கப்பலில் அவை ஏறும். அவர் பேசினால் சிரிக்காமல் இருக்க முடியாது. என் வேண்டுகோளைக் கேட்டுவிட்டுத் தோணியின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டார்.

“உங்க துறையில ஒரு மூங்கில் நடணும் சித்தப்பா. நான் கோடு கீறித் தர்றேன். தினமும் காலையில எத்தினின்னு பாத்துச் சொன்னா போதும்.”

“உங்க நைனாவுக்கு ஜுரம் பாத்தது போதாதுன்னு ஆத்துக்கும் ஜுரம் பாக்கக் கிளம்பிட்டியா? நாக்க நீட்டச் சொல்லட்டுமா?”

“வெளையாட்டு இல்ல சித்தப்பா.”

“நான் இன்னா வெளையாடுறேன்? சைகோன்ல ஒருத்தரு ஆபீசு வேல பாக்குறாரு, இங்க நீ ஆத்துக்கு ஆபீசு வெச்சிருக்க. மூங்கிலக் குடு பாப்பா, நடுறேன். ஆனா என் தோணியக் கட்டுறதுக்கு அதத் தொட்டன்னு அப்புறம் சண்டைக்கு வராத.”

காற்றே இல்லாத ஒரு காலை கிடைத்தது. நீர் கண்ணாடிபோல் அசைவில்லாமல் கிடந்தது. கண்டல் புதர்களில் இருந்த நாரைகள்கூடத் தலைகீழாகத் தெரிந்தன. தென்கரைக் கல்லில் நீர் சரியாக ஐந்தில் நின்றது. உடனே தோணியில் அக்கரை போய், மூங்கிலில் நீர் நின்ற இடத்தில் ஐந்து என்று கீறி, அதற்கு மேலும் கீழும் சாண் கணக்கில் கோடுகள் போட்டேன். அதன் பிறகு இரண்டும் ஒத்துப்போன நாட்கள் குறைவு. வாடை வீசும்போது கல்லில் ஏறியது மூங்கிலில் இறங்கியது. உண்மையான ஆறு இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருந்தது.

கச்சேரிச் சீட்டிலும் இரண்டு அளவையும் எழுதினேன். நாலாம் நாள் சீட்டு திரும்பி வந்தது. ‘இரண்டில் எது சரி?’ என்று ஓரத்தில் ஒரு வரி. ‘இரண்டும்’ என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். அதன் பிறகு அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை.

நைனாவிடம் மட்டும் சொல்லாமல் வைத்திருந்தேன். காய்ச்சலில் கிடக்கிறவரிடம் போய், உங்கள் தகப்பனார் நட்ட கல்லின் பேச்சைக் கேட்டு இத்தனை ஆண்டு தவறாக வெட்டினோம் என்று எப்படிச் சொல்வது? அம்மாவிடம் சொன்னேன். அம்மா எழுதப் படிக்கத் தெரியாதவள். அடுப்பங்கரையில் ஒரு தாம்பாளத்தில் நீர் ஊற்றி, ஒரு பக்கமாக ஊதிக் காட்டினேன். அம்மா தாம்பாளத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “இத்தினி வருசமா காத்தையா வெட்டுனாங்க?” என்றாள். அவ்வளவுதான். நீரை எடுத்துக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டாள்.

கார்த்திகையில் நான்கு நாள் விடாத வாடையும் தூறலுமாக இருந்தது. நாலாம் நாள் காலையில் கல்லில் நீர் ஏழாம் கோட்டைத் தொட்டது. என் முகத்தைப் பார்த்தே நைனா தெரிந்துகொண்டார். கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

“ஏழா?”

“ஏழுதான் நைனா. ஆனா...”

“ஆனா இன்னா ஆனா? புடவைய ஏத்தச் சொல்லு உங்கம்மாவ.”

அம்மா பெட்டியைத் திறந்து சிவப்புப் புடவையை எடுத்தாள். எடுத்தவள் நேரே முற்றத்துக்குப் போய் அதைத் தொட்டி நீரில் முக்கிப் பிழிந்து, கொடியில் போட்டாள்.

“இன்னா பண்ற?” என்றார் நைனா.

“ஒரு வருசம் பொட்டியில கெடந்தது. அழுக்கு நாறுது. தொவைச்சிப் போட்டுருக்கேன். காஞ்சதும் ஏத்துறேன்.”

“தூறல்ல எங்க காயும்?”

“காயும்போது காயட்டும்.”

முப்பது ஆண்டு குடித்தனத்தில் அம்மா அவர் சொல்லைத் தட்டியதில்லை. அன்றும் தட்டவில்லை, நனைத்துவைத்தாள், அவ்வளவுதான்.

அப்போதுதான் நான் எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டைப் பிரித்துக் காட்டினேன். நைனா கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். “தப்பாப் போனா உங்கம்மா பயிரு கதிரோட முழுவும். கதிரு வந்து ரெண்டு வாரந்தான் ஆவுது. தெரியுதா?” என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றேன். காத்திருப்பது என்றால் எதைப் பணயம் வைத்துக் காத்திருக்கிறோம் என்று எனக்கு நன்றாகவே தெரியும். இன்று வெட்டினால் நிலம் மெல்ல மெல்ல உப்பில் போகும். வெட்டாமல் நிறுத்தினால் இந்தப் பயிர் நாளையே நீரில் போகலாம். இரண்டு வழியிலும் முதலில் நிற்பது அம்மாவின் மூன்று காணிதான்.

பொழுது உச்சிக்கு வருவதற்குள் குப்பத்திலிருந்து நாட்டார் வந்துவிட்டார். மீனவர்களின் தலைவரை அப்படித்தான் சொல்வோம். கூடவே ஏழெட்டுப் பேர். மேடு அடைத்திருந்தால் அவர்கள் குடிசைகளின் பின்புறம் வரை நீர் வரும்; வெட்டினால்தான் இறாலும் மடவையும் கடலிலிருந்து ஆற்றுக்குள் ஏறும். அவர்களுக்கும் அவசரம் இருந்தது. நியாயமான அவசரம்.

“இன்னாண்ணே, கல்லுல ஏழு முழுவிடுச்சி, கம்பம் மொட்டையா நிக்கிது?” என்று வாசலிலிருந்தே கேட்டார் நாட்டார்.

நைனா கட்டிலில் இருந்தபடி என்னைக் காட்டினார். “எம் பொண்ணு சொல்லும். கேட்டுக்க.”

நான் சொன்னேன். தாம்பாளத்தை மறுபடியும் கொண்டுவந்து ஊதிக் காட்டினேன். பின்னால் நின்ற ஒருவன், “சைகோன் கடுதாசி படிச்சிப் படிச்சி கண்ணு கெட்டுப்போச்சி போல” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நாட்டார் சிரிக்கவில்லை. காற்றும் நீரும் அவருக்குத் தெரியாததல்ல.

“காத்து தண்ணியத் தள்ளும், நெசந்தான்,” என்றார். “ஆனா எத்தினி தள்ளும்? நாலு வெரலா, நாலு மொழமா? அத யாரு பாத்தது?”

“வடகரையில மூங்கில் இருக்குது. இப்பவே பாக்கலாம்.”

“அத யாரு போய்ப் பாத்துச் சொல்றது? நீயா? உன் வயலு இந்தப் பக்கம்.”

“சித்தப்பா பாத்துச் சொல்லட்டும்,” என்றேன்.

அதைக் கேட்டதும் அவர்கள் சம்மதித்துவிட்டார்கள். காரணம் எல்லாருக்கும் தெரியும். சித்தப்பாவின் தோணி மூட்டைகளோடு நின்றது. புதுச்சேரியில் கப்பல் இன்னும் இரண்டு நாளில் புறப்படும் என்று செய்தி வந்திருந்தது. ஆறு உடனே திறக்க வேண்டும் என்று எங்கள் இரு கரைகளிலும் அவரைவிட அதிகமாக விரும்பியவர் யாரும் இல்லை. ஏழு என்று அவர் சொன்னால் வெட்டிவிடலாம்.

ஆளை அனுப்பினோம். எல்லாரும் துறைக்கு வந்து நின்றோம். காற்றில் என் முந்தானை பறந்துகொண்டே இருந்தது. கல்லில் அலை வந்து வந்து ஏழாம் கோட்டை நனைத்தது. அம்மா எங்களோடு வரவில்லை. பள்ளக்கால் வரப்பில் தனியாக நிற்பது தெரிந்தது.

சித்தப்பா சின்ன ஓடத்தில் தானே துடுப்புப் போட்டுக்கொண்டு வந்தார். எதிர்காற்று இல்லாததால் சீக்கிரம் வந்துவிட்டார். கரை ஏறியதும் யாரையும் பார்க்காமல் வேட்டி நுனியைப் பிழிந்தார்.

“எத்தினி?” என்றார் நாட்டார். “உன் தோணிய நெனச்சிக்குனு சொல்லு.”

“தோணிய நெனச்சிக்குனுதான் வழியெல்லாம் வந்தேன்,” என்றார் சித்தப்பா. “ஆறும் ரெண்டு வெரலும்.” பிறகு என் பக்கம் திரும்பி, “உன் ஆபீசுல எனக்கு ஒரு நாற்காலி போட்டு வை பாப்பா. இந்த வருசம் எனக்கு வேற வேல இல்ல” என்றார்.

நாட்டார் கல்லைப் பார்த்தார், கடல் பக்கம் பார்த்தார். “ரெண்டும் ஏழாவட்டும்,” என்றார். “ஆனா எங்க வூட்டுக்குள்ள தண்ணி வந்துச்சின்னா எம் பொண்டாட்டி புள்ளைங்கள உன் வூட்லதான் கொண்டாந்து எறக்குவேன்.”

“எறக்குங்க. இடம் இருக்குது,” என்று வரப்பிலிருந்து திரும்பி வந்திருந்த அம்மா சொன்னாள்.

மூன்று நாள் காத்திருந்தோம். அந்த மூன்று நாளைப் போல நீளமான நாட்களை நான் பின்னால் கண்டதில்லை. யுத்த காலத்தில் சைகோனிலிருந்து மாதக்கணக்கில் ஒரு வரிகூட வராமல் இருந்தபோதும். இரண்டாம் நாள் மேற்கே பெய்த மழை வந்து சேர்ந்தது. நீர் செம்மண் நிறமாக மாறிற்று. வாழைமரங்களும் ஒரு வைக்கோல்போரும் மிதந்து வந்தன. பள்ளக்காலில் ஆற்றை ஒட்டிய வயல் இரண்டில் கதிர் முழுகிவிட்டது. அம்மா மடைக்கு மடை போய் வரப்பில் மண்ணை அணைத்து, மீதி வயல்களுக்குள் நீர் வராமல் பார்த்தாள். நானும் கூடப் போனேன். முழங்காலுக்கு மேல் சேறு. அம்மா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. “இது போனா போவட்டும். அந்தாண்ட போவாம பாரு” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்று மாலை நாட்டாரின் மனைவியும் மூன்று பிள்ளைகளும், ஒரு கூடைக் கருவாட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார்கள். அதே நாளில்தான் புதுச்சேரியில் கப்பல் நங்கூரம் எடுத்தது.

மூன்றாம் நாள் விடியலில் எழுந்தபோது காதில் ஏதோ குறைவதுபோல் இருந்தது. காற்று நின்றிருந்தது. துறைக்கு ஓடினேன். கல்லில் ஏழும் மூன்று விரலும். வடகரையிலிருந்து சித்தப்பா இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு கத்தினார். “ஏழு! மேல மூணு வெரலு! ஏத்துங்க!”

புடவை இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. ஈரத்தோடு அம்மாவே ஏற்றினாள்.

நைனாவைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போய் மணல்மேட்டில் வைத்தோம். வராமல் இருக்க மாட்டேன் என்றார். கடல் வடியத் தொடங்கும் நேரம் பார்த்து, வழக்கம்போலக் கடல் பக்கமிருந்தே தோண்டிக்கொண்டு வந்தார்கள். கடைசிக் கரை மட்டும் ஆற்றுப் பக்கம் மிச்சம் இருந்தது. நாட்டார் ஒரு வெட்டு, உழவர்களில் மூத்தவர் ஒரு வெட்டு. நீர் முதலில் கைவிரல் கனத்தில் தயங்கித் தயங்கிப் போயிற்று. முந்தைய ஆண்டுகளில் வெயில் ஏறும் வரையிலும் அது அப்படியே போகும். நாங்கள் சோறு சாப்பிட்டுவிட்டு வந்து பார்ப்போம். அன்று நாங்கள் நகர்ந்துகொள்ளவே நேரம் போதவில்லை. மணல் சுவர் இரு பக்கமும் அறுந்து அறுந்து விழுந்தது. நைனாவின் கட்டிலை இரண்டு முறை பின்னுக்கு இழுத்தோம். உச்சிப் பொழுதில் வாய் ஒரு தெரு அகலத்துக்குத் திறந்துவிட்டது. செம்மண் நீர் நீலக் கடலுக்குள் வெகுதூரம் ஒரு நாக்கைப்போல் நீண்டு போவதைப் பார்த்தேன். பருந்துகள் அதற்கு மேல் வட்டமிட்டன. கூச்சலில் யார் என்ன பேசினார்கள் என்று தெரியவில்லை. நைனா என்னைக் கிட்டே அழைத்து, “எத்தினி வருசமா இப்பிடி வெட்டியிருக்கலாம்?” என்று கேட்டார். அவர் அதைத் தன்னிடமே கேட்டுக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

முழுகிய இரண்டு வயலும் பதராகப் போயின. மற்றவை விளைந்தன. சித்தப்பாவின் மூட்டைகள் அடுத்த கப்பலுக்குக் காத்திருந்து போயின. அதைப் பல ஆண்டுகள் என்னிடம் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் எது தாமதமானாலும், குழம்பு கொதிக்க நேரமானாலும்கூட, “வடகரையில எத்தினின்னு கேட்டியா?” என்பார்.

ஆனால் நாங்கள் எல்லாரும் மனதுக்குள் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது கோடையைத்தான். மாசியில் வாய் திறந்தே இருந்தது. பங்குனியிலும் திறந்திருந்தது, கடல் உள்ளே வந்தது, வந்த வழியே திரும்பியும் போயிற்று. ஆற்று நீர் தாழ்ந்து ஓடியதால் பள்ளக்காலின் கசிவெல்லாம் அதில் வடிந்தது. சித்திரை முதல் வாரத்தில் அம்மா என்னை அழைத்துக்கொண்டு வயலுக்குப் போனாள். நிலம் வெடித்துக் கறுத்துக் கிடந்தது. எங்கும் வெள்ளை இல்லை. அம்மா குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்தாள். வெகுநேரம் சப்பிப் பார்த்தாள்.

“இன்னாம்மா?” என்றேன்.

“இனிக்கல,” என்றாள். துப்பிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள். “ஆனா உப்பும் இல்ல.”

அந்த ஆடியில் நைனா ஒரு கல்தச்சரை வரவழைத்து, ஒன்பது கோடுள்ள இன்னொரு கல்லைச் செதுக்கச் செய்து வடகரையில் நட்டார். பழைய கல்லை அகற்றலாமா என்று சித்தப்பா கேட்டபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இரண்டு கல்லும் ஒத்துக்கொள்ளாமல் புடவை ஏறக் கூடாது என்பது அதன் பிறகு இரு கரைக்கும் வழக்கமாயிற்று. ஒரு சில ஆண்டுகளில் அது எப்போதும் இருந்த வழக்கம் என்றே பேசத் தொடங்கிவிட்டார்கள். நான் யாரையும் திருத்தவில்லை. தென்கோடியில் உவர்ப்பூண்டு மண்டிய அரைக்காணி நெல்லுக்குத் திரும்ப ஐந்து கோடை ஆயிற்று. திரும்பிய ஆண்டில் அதில் விளைந்த முதல் மரக்கால் நெல்லை அம்மா குப்பத்துக்குக் கொடுத்தனுப்பினாள்.

என் கணவர் யுத்தம் முடிந்து திரும்பி வந்து, பதினெட்டு ஆண்டுகள் என்னோடு இருந்தார். நைனாவும் அம்மாவும் சித்தப்பாவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். நாட்டாரும் போய்விட்டார். அந்த மூன்று நாள் வெள்ளத்தில் எங்கள் வீட்டில் வந்து தங்கிய பிள்ளைகளில் மூத்தவள் குப்பத்தில் இருக்கிறாள். பள்ளக்காலில் நான் இருக்கிறேன்.